ஆறு வருஷத்துக்கு இடம்

நாலு வருஷமாக நான் தலை வாராமல் வாசல் கதவைத் திறந்ததில்லை. பால் பாக்கெட் எடுக்கப் போனாலும் முகம் கழுவிவிட்டுத்தான் போவேன். எல்லாம் எதிர் வீட்டு சங்கரலிங்கம் அண்ணாச்சி மாட்டி வைத்திருக்கும் கேமராவால் வந்த வினை. முத்தையாபுரத்தில் எங்கள் தெருவின் அகலம், ஒரு மினி வேன் நுழைந்தால் எதிரே வருகிறவர் ஏதாவது ஒரு வீட்டுப் படியில் ஏறி நிற்க வேண்டும் என்கிற அளவுதான். அதனால் அவர் வாசலைப் பார்க்கிற கேமரா என் வாசலையும் சேர்த்துத்தான் பார்க்கும். பார்த்துக்கொண்டிருப்பது போலீஸ் என்றால்கூட எனக்குக் கவலையில்லை. பார்ப்பவள் அவர் மனைவி அருணாசலவடிவு. மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள்.

ஒரு தடவை எனக்கு நல்ல காய்ச்சல். வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்தார். பத்து மணி வரைக்கும் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது போன் அடித்தது. "டீச்சர், பால் பாக்கெட் இன்னும் வெயில்ல கெடக்கு. ஒடம்புக்கு என்ன செய்யுது?" என்றாள் வடிவு. பக்கத்து வீட்டில் இருக்கிற யாரும் அன்றைக்கு அதைக் கவனிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்தப் பெண் மஸ்கட்டில் சம்பளம் மட்டும்தான் வாங்குகிறாள், குடியிருப்பது இங்கேதான் என்று.

நான் சொல்ல வந்தது அண்ணாச்சியைப் பற்றி. தன்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று அவரே கேட்பார். ஆற்றுக்கரையில் ஏரலுக்குப் பக்கத்தில் வாழையும் நெல்லும் போடுகிற வீட்டில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர். ஐடிஐ முடித்துவிட்டுத் துறைமுகத்துக்கு வேலைக்கு வந்தார். கப்பல் மேல் கயிறும் கம்பியும் இழுத்துக் கட்டுகிற வேலையில் தொடங்கி, பல வருஷம் கழித்து கன்டெய்னர் கிரேன் ஓட்டுகிறவர் ஆனார். உயரத்தில் ஒரு கண்ணாடி அறை. காலுக்குக் கீழேயும் கண்ணாடி. ஷிப்ட் முழுக்க அதற்குள் தனியாக உட்கார்ந்து, குனிந்து பார்த்துக்கொண்டே பெட்டியைத் தூக்கிக் கப்பலிலும் லாரியிலும் வைக்க வேண்டும். பேச்சு எல்லாம் வாக்கிடாக்கியில்தான். தூக்கு, நிறுத்து, இறக்கு, சரி. அந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டே மனிதர் வீட்டிலும் குடித்தனம் நடத்தினார் என்பது என் அபிப்பிராயம்.

அந்த வேலையில் ஒரு கட்டாயம் உண்டு. பெட்டியைத் தொங்கவிட்டுவிட்டு கிரேனை விட்டு இறங்கக் கூடாது. மழையோ காற்றோ, வீட்டில் நல்லதோ கெட்டதோ, தூக்கியதை எங்காவது வைத்த பிறகுதான் ஏணியில் கால் வைக்கலாம். மகள் ஜெயபிரியா பிறந்த செய்தி வந்தபோது ஒரு பெட்டி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்ததாம். கப்பலில் இடம் ஒதுக்காமல் கீழே ஏதோ தகராறு. அது தீர்ந்து, பெட்டியை வைத்துவிட்டுத்தான் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பிள்ளையைப் பார்க்கவிடாமல் ஒரு இரும்புப் பெட்டி குறுக்கே நின்றது என்று வடிவு அதை வருஷக்கணக்காகச் சொல்லிக் கிண்டல் செய்தாள். அவர் சிரித்துக்கொள்வார்.

வடிவும் ஆற்றுக்கரை ஊர்க்காரிதான். டவுனில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தாள். கொரோனா அடங்கிய சமயத்தில் மஸ்கட்டுக்கு ஆள் எடுத்தார்கள். ரெண்டு வருஷம் போய் வந்தால் மாடி எழுப்பிவிடலாம், பிள்ளை படிப்புக்கும் ஆகும் என்று கிளம்பினாள். ரெண்டு வருஷம் முடிந்தபோது மாடி பாதியில் நின்றது. லீவில் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டு இன்னொரு ரெண்டு வருஷத்துக்குப் போனாள். இரண்டாம் முறை போகும்போது பெட்டியில் கருப்பட்டியை வைத்து மூட முடியாமல் அதன் மேலேயே உட்கார்ந்து அழுதாள். நான்தான் ஜிப்பை இழுத்து மூடினேன்.

கேமரா மாட்டியது அவள் போன முதல் வருஷத்திலேயே. அவள் கேட்டதுதான். போனில் எல்லாரும் தலை சீவி, பவுடர் போட்டு உட்கார்ந்து நல்லாயிருக்கோம் என்கிறீர்கள், சும்மா இருக்கும்போது எப்படி இருக்கிறீர்கள் என்று எனக்குப் பார்க்க வேண்டும் என்றாள். அண்ணாச்சி டவுனில் பாண்டித்துரை என்பவரின் கம்ப்யூட்டர் கடைக்குப் போய்ச் சொல்ல, அவர் வாசலுக்கு ஒன்றும் நடுவீட்டுக்கு ஒன்றுமாக இரண்டு கேமரா மாட்டிவிட்டார். எதையும் அழிக்கக் கூடாது என்றும் வடிவு சொல்லியிருந்தாள். நைட் டியூட்டி வந்தால் பகலில் தூங்கிவிடுவாள், விட்டுப்போனதைப் பிறகு பார்க்க வேண்டுமல்லவா. அதற்காக பாண்டித்துரை ஒரு கருப்புப் பெட்டியும் கொண்டுவந்து வைத்தார். நாஸ் என்று பெயராம். முன்பக்கம் நாலு அறை, அறைக்கு ஒரு ஹார்டு டிஸ்க் சொருகலாம். கேமரா பார்ப்பதெல்லாம் அதில் போய்ச் சேரும். அந்தப் பெட்டி வழியாகத்தான் வடிவு தன் போனில் வீட்டைப் பார்ப்பாள். இப்போது நடப்பதும் தெரியும், போன மாதம் நடந்ததும் தெரியும். இரண்டு அறையில் டிஸ்க் போட்டார், இரண்டைக் காலியாக விட்டார். ஜெயபிரியா அப்போது ஐந்தாம் வகுப்பு. அவள் அதற்கு அம்மா பெட்டி என்று பெயர் வைத்தாள். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம்.

அவள் போன மறுவருஷம் வந்த டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்தபோது அண்ணாச்சி முதலில் மாடிப்படிக்குத் தூக்கியது அம்மா பெட்டியைத்தான். பீரோவும் அரிசி மூட்டையும் நனைந்தன. அவருடைய அக்கா சுடலைச்செல்வி, அடுத்த தெருவிலிருந்து வந்து இவர்களுக்குப் பொங்கிப் போடுகிறவள், அரிசிக்காக இன்றைக்கும் அவரைத் திட்டுவாள்.

வடிவு எதையெல்லாம் பார்ப்பாள் என்றால், எல்லாவற்றையும் பார்ப்பாள். சாப்பிடும்போது போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து, இங்கே நடுவீட்டில் ஜெயபிரியா சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். பிள்ளைக்கு ஒரு பின்னல் தளர்ந்திருந்தால் போன் வரும். பிள்ளை வயசுக்கு வந்தபோது லீவு கிடைக்கவில்லை. சடங்கு அன்றைக்கு சுடலைச்செல்வி ஜெயபிரியாவின் தோளைப் பிடித்துக் கேமராப் பக்கம் திருப்பி நிறுத்தி, ஏளா நல்லாப் பாத்துக்க என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அங்கே ஆஸ்பத்திரியில் துணி மாற்றுகிற அறையில் நின்று பார்த்ததாக வடிவு பிறகு என்னிடம் சொன்னாள். அந்த நாளை எத்தனை தடவை திரும்பத் திரும்பப் பார்த்திருப்பாள் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் அவளுக்கு ஒரு குறை இருந்தது. அண்ணாச்சி கேமராவை ஏறிட்டே பார்க்க மாட்டார். வேலை முடிந்து வந்து பைக்கை நிறுத்தினால் உடனே உள்ளே போகாமல் வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். தலை குனிந்தே இருக்கும். சாப்பிடும்போது கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். வீடியோ காலிலும் போனை மகள் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்று பேசுவார். நான் ஒருநாள் ஏன் என்று கேட்டுவிட்டேன். "மேல பாத்தா அவ கண்டுபிடிச்சிருவா டீச்சர்" என்றார். எதை என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. அந்த மனிதர் வாசலில் நிற்கிற நிலையைப் பார்த்த எனக்கே தெரியும்.

இந்த ஐப்பசியில் அம்மா பெட்டி பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. இடம் தீரப்போகிறது, இனி பழைய பதிவுகள் அழிய வேண்டியதுதான் என்று அதற்கு அர்த்தம். அதே சமயத்தில்தான் வடிவின் ஒப்பந்தமும் முடிவுக்கு வந்தது. தையோடு முடிகிறது, இன்னும் ரெண்டு வருஷம் இருப்பதா, ஊருக்குத் திரும்புவதா என்று கார்த்திகைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மாடி வேலை போன சித்திரையிலேயே முடிந்துவிட்டது. என்ன செய்யட்டும் என்று அவள் அண்ணாச்சியிடம் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும், "ஒனக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடிச் செய்யி" என்று சொல்லி வைத்தார் மனிதர்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த ஆண்களையெல்லாம் முதல் பெஞ்சில் உட்காரவைத்துப் பாடம் எடுக்க வேண்டும். அவர் மனதில் இருந்தது வேறு. அங்கே அவளை வார்டு இன்சார்ஜ் ஆக்கியிருந்தார்கள். பெரிய டாக்டர்களே சிஸ்டர் என்று மரியாதையாகக் கூப்பிடுகிற இடம். அதை விட்டுவிட்டு வா என்று தன் வாயால் சொன்னால், தனக்காக ஒரு நல்ல வாழ்க்கையைப் பிடித்து இழுத்த மாதிரி ஆகிவிடுமே என்று பயந்தார். அவளோ அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள்.

இந்த நிலைமையில் அண்ணாச்சி ஒரு சனிக்கிழமை பாண்டித்துரை கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி வந்தார். இதைக் காலியாக இருக்கிற அறையில் சேர்த்தால் ஆறு வருஷத்துக்கு இடத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று பாண்டித்துரை சொல்லியிருந்தார். அவள் கேட்டபடி ஒன்றுகூட அழியாது என்கிற சந்தோஷம் அவருக்கு. அன்று சாயங்காலமே போனில் வடிவிடம் பெருமையாகச் சொன்னார், இனி ஆறு வருஷத்துக்குக் கவலையில்லை என்று. சரி என்று மட்டும் சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள். டியூட்டிக்கு நேரமாகியிருக்கும் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஆராதனை முடிந்து நான் எங்கள் வேதக்கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது வடிவு கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"டீச்சர், ஆறு வருஷத்துக்கு எடம் வாங்கிப் போட்டாச்சாம். அம்புட்டு நாளைக்கும் நான் இங்கனயே கெடக்கணும்னு அவுக முடிவு பண்ணிட்டாக. நான்தான் கூப்பிடுவாக கூப்பிடுவாகன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

அப்படி இருக்காது என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. நாலு வருஷமா நான் அவுக முதுகத்தான் பாக்கேன் டீச்சர் என்று சொல்லி அழுதாள். நாளைக்கே இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப் போவதாகவும் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் பட்டுச்சேலையோடு நேரே எதிர் வீட்டுக்குப் போனேன், நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று.

போன இடத்தில் என்னால் எதுவும் கேட்க முடியவில்லை. நடுவீட்டில் அம்மா பெட்டி ஒரு விளக்கும் இல்லாமல் இருட்டாகக் கிடந்தது. அண்ணாச்சி அதன் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். சுடலைச்செல்வி சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள். ஜெயபிரியா அழுதுகொண்டிருந்தாள். நடந்தது இதுதான். புதுப்பொருள் எது வந்தாலும் சந்தனம், குங்குமம் வைத்துத்தான் எடுப்பது அந்த வீட்டு வழக்கம். பைக்குக்கு வைத்தார்கள், பிரிட்ஜுக்கு வைத்தார்கள், ஆயுத பூஜைக்கு அண்ணாச்சி கிரேன் காலுக்கே வைக்கிறார். அதே மாதிரி சுடலைச்செல்வி நல்ல நேரம் பார்த்து ஹார்டு டிஸ்குக்கும் பூஜை போட்டாள். எந்தப் பக்கம் முகம் என்று தெரியவில்லை. ஓரத்தில் தங்க நிறத்தில் வரிசையாகப் பல் மாதிரி மின்னுகிற இடம்தான் முகமாக இருக்க வேண்டும் என்று, குழைத்த சந்தனத்தை அந்தப் பல்லில் தாராளமாக வைத்துவிட்டாள். கரண்டும் தகவலும் ஓடுகிற இடம் அது. அண்ணாச்சியும் தட்டில் சூடம் காட்டி, பெட்டியை அணைத்து, டிஸ்கை அறையில் சொருகி சுவிட்சைப் போட்டார். ஒரு தடவை கண் சிமிட்டியது. உள்ளே டப்பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

நாசரேத்துக் கிறிஸ்தவர்களான நாங்கள் என்றால் கையை வைத்து ஒரு ஜெபம் பண்ணிவிட்டு உள்ளே தள்ளியிருப்போம். ஜெபத்தில் ஈரம் கிடையாது. இதைச் சொல்லிச் சிரிக்கிற நேரமா அது. சுடலைச்செல்வியின் முகத்தைப் பார்த்தாலே பாவமாக இருந்தது.

"எல்லாம் போச்சா டீச்சர்? சடங்கும் போயிருக்குமோ?" என்று கேட்டார் அண்ணாச்சி. பாண்டித்துரைக்குப் போன் போட்டால், ஞாயிற்றுக்கிழமை, விளாத்திகுளத்தில் ஒரு கல்யாண வீட்டில் இருக்கிறேன், நாளைக்கு வருகிறேன், அதுவரைக்கும் எதையும் தொடாதீர்கள் என்றார்.

அன்று முழுக்க வடிவுக்கு வீடு தெரியவில்லை. எங்களை மாறி மாறிக் கூப்பிட்டாள். பெட்டியில் சின்ன ரிப்பேர் என்று அண்ணாச்சி சொல்லிச் சமாளித்தார். சந்தனத்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, என் வாசலிலிருந்து அவர்கள் வீட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். எடுத்து அனுப்பினேன். மழை இருட்டில் பூட்டிய கேட்டும் அதற்குப் பின்னால் பைக்கும் ஒரு பல்பும்தான் அதில் தெரிந்தன. "அவுக பைக் நிக்குல்லா. போதும்" என்று பதில் வந்தது. காலையில் அவர் மேல் கோபித்துக்கொண்டு அழுதவள்தான். நாளைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம், நான் அண்ணாச்சியிடம் பேசுகிறேன், ஒருநாள் பொறு என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். பார்ப்போம் டீச்சர் என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை மழைக்காகக் கலெக்டர் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார். பாண்டித்துரை நனைந்துகொண்டு வந்தார். டிஸ்கை உருவிப் பார்த்துவிட்டு, சுடலைச்செல்வியைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், பிறகு ஸ்பிரிட்டும் சின்ன பிரஷ்ஷும் எடுத்தார். அறைக்குள்ளே டார்ச் அடித்துக் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினார். இங்கத்த உப்புக்காற்றுக்கே டிஸ்கின் பல்லெல்லாம் பச்சை பிடிக்கிறது, அதில் நீங்கள் வேறு ஏன் மங்களகரம் சேர்க்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். பழைய டிஸ்க் இரண்டையும் மட்டும் போட்டு சுவிட்சைத் தட்டினார். பெட்டி மூச்சு விட்டது. பச்சை விளக்கு எரிந்தது. ஜெயபிரியா லேப்டாப்பில் சடங்கு நாளைத் தேடித் திறந்து பார்த்துவிட்டு, இருக்கு என்றாள். சுடலைச்செல்வி சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். சேதம் ஒன்றுமில்லை, பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அணைந்திருக்கிறது என்றார் பாண்டித்துரை.

பிறகு புது டிஸ்கையும் துடைத்து மூன்றாம் அறையில் தள்ளினார். அதையும் பெட்டி ஏற்றுக்கொண்டது. லேப்டாப் திரையில் இங்கிலீஷில் ஒரு கேள்வி வந்து நின்றது. அண்ணாச்சியிடம் மவுஸைக் கொடுத்து, நீங்களே அமுக்குங்கள் என்றார் பாண்டித்துரை. எதையும் கேட்காமல் அமுக்குகிற ஆள் இல்லை அவர். என்ன கேட்கிறது என்று விசாரித்தார்.

"சேத்துட்டா அப்புறம் தனியா எடுக்க முடியாது, சம்மதமான்னு கேக்கு அண்ணாச்சி. பழசு ரெண்டோடயும் கலந்துரும். எதுக்கு எடுக்கணும்? ஆறு வருஷத்துக்கு நிம்மதியா இருங்க."

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அந்த ஆறு வருஷந்தான் அண்ணாச்சி வடிவைக் கொன்னுக்கிட்டு இருக்கு என்றேன். கோயில் வாசலில் அவள் சொன்னது அத்தனையையும் சொன்னேன். ஆறு வருஷத்துக்கு இடம் வாங்கிப் போட்டதை, ஆறு வருஷத்துக்கு வராதே என்று அவள் புரிந்துகொண்டதையும் சொன்னேன், கூப்பிடுவார் என்று காத்திருந்ததையும் சொன்னேன், நாலு வருஷமாக முதுகைத்தான் பார்க்கிறாள் என்பதையும் சொன்னேன். இன்றைக்கு அவள் கையெழுத்துப் போட்டாலும் போடலாம் என்றேன்.

அண்ணாச்சி மவுஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாகிவிட்டது. அழியக் கூடாதுன்னு சொன்னாளேன்னுதான வாங்கினேன் என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். நானே அமுக்கிவிடட்டுமா என்றார் பாண்டித்துரை.

"இருங்க தம்பி. மேல ஒண்ணு தொங்கிக்கிட்டுக் கெடக்கு. அத எறக்கி வச்சிட்டு வாரேன்" என்றார் அண்ணாச்சி.

போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாக்கிடாக்கியில் பேசிப் பழகிய மனிதர், எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அதனால் எங்களுக்கு எல்லாம் கேட்டது. மணி அடித்ததுமே வடிவு எடுத்துவிட்டாள்.

"படம் வந்துட்டுங்க. பிள்ளை தெரியுதா, டீச்சர் தெரியுதாக. நீங்க எங்க போறீக?"

அவர் வாசலுக்குப் போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. லேப்டாப்பில் வாசல் கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் நாங்களும் வடிவு பார்ப்பதையே பார்த்தோம். முதலில் அவருடைய முதுகு, படியிறங்கிப் போனது. பிறகு அவர் திரும்பினார். நிமிர்ந்து கேமராவை நேராகப் பார்த்தார். திரை முழுக்க அவர் முகம்தான். நாலு வருஷத்தில் அந்தப் பெட்டிக்குள் ஒருநாள்கூடப் போகாத முகம். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எடமெல்லாம் போடல வடிவு. நீ வந்துரு. நீ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடல."

போனில் அவள் குரல் வந்தது.

"மீசையெல்லாம் நரைச்சுப் போச்சே ஒங்களுக்கு."

அவர் மீசையைத் தடவிக்கொண்டு அப்படியே நின்றார். சுடலைச்செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதில் என்ன வெட்கம்.

ஜெயபிரியாவுக்குத்தான் ஒரு சந்தேகம். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, டிஸ்க் போடாவிட்டால் பழையதெல்லாம் அழிந்துவிடுமே அம்மா என்று போனில் கேட்டாள்.

"அழிஞ்சா அழியட்டும்ளா. நான் இல்லாத நாள்தான அதுல கெடக்கு" என்றாள் வடிவு.

பாண்டித்துரை புது டிஸ்கை உருவிவிட்டார். இடம் தீர்ந்தால் பழைய நாளிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொள் என்று பெட்டிக்குச் சொல்லிக் கொடுத்தார். பீப் சத்தம் நின்றது. டிஸ்கைக் கடையில் திருப்பி எடுக்க முடியுமா என்று நான் கேட்டதற்கு, சந்தனம் குடித்த டிஸ்கை எந்தக் கம்பெனிக்காரன் வாங்குவான் டீச்சர் என்றார். அது இப்போது அந்த வீட்டுச் சாமி அலமாரியில், திருச்செந்தூர் முருகன் படத்துக்குக் கீழே இருக்கிறது. பூஜை போட்ட பொருளைப் பரணில் போட சுடலைச்செல்வி சம்மதிக்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பொட்டு வைக்கிறாள். பல்லில் மட்டும் வைப்பதில்லை.

வடிவு அந்த வாரமே எழுதிக் கொடுத்துவிட்டாள், தை முடிந்ததும் வருகிறேன் என்று. மாசித் திருவிழாவுக்கு இங்கே இருப்பாள். இப்போது மார்கழி. எங்கள் தெரு முனையில், ரோட்டில், பச்சை வேட்டி கட்டிக்கொண்டு திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். அம்மா பெட்டி தினமும் ஒரு பழைய நாளை அழிக்கிறது. முதலில் அழிந்தது கேமரா மாட்டிய நாள். பல் விழுந்த ஜெயபிரியா சுவரைப் பார்த்துக் கையாட்டி, அம்மா தெரியுதா என்று கேட்ட நாள் அது. சடங்கு நாள் வரைக்கும் போக இன்னும் வெகுகாலம் ஆகும். அதற்குள் அவளே வந்து அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வாள்.

அண்ணாச்சிக்கு ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. சாயங்காலம் மகளோடு உட்கார்ந்து, நாளைக்கு அழியப்போகிற நாளை ஒரு தடவை பார்த்துவிடுகிறார். அதில் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. பிள்ளை பள்ளிக்கூடம் போவாள், சுடலைச்செல்வி வாசல் தெளிப்பாள், நான் பால் எடுப்பேன், பொழுது சாயும்போது ஒரு மனிதர் பைக்கை நிறுத்திவிட்டுத் தலை குனிந்து நின்றுகொண்டிருப்பார். பார்த்து முடித்ததும் லேப்டாப்பை மூடி வைத்துவிடுகிறார்.

இப்போதும் வேலை முடிந்து வந்தால் வாசலில் நிற்கத்தான் செய்கிறார். ஆனால் நிமிர்ந்து நிற்கிறார். சில நாள் அங்கே நின்றபடியே கேமராவைப் பார்த்து ஏதோ சொல்கிறார். எதிர் வீட்டுக்காரிக்குக் கேட்காதபடி மெதுவாகத்தான் சொல்கிறார். எனக்கும் ஒரே ஒரு ஆசை இருக்கிறது. வடிவு வந்த மறுநாள் காலையில், தலைகூட வாராமல், பழைய நைட்டியோடு கதவைத் திறந்து பால் பாக்கெட்டை எடுக்க வேண்டும். அதைப் பார்க்க அன்றைக்கு மஸ்கட்டில் யாரும் இருக்கக் கூடாது.